சுரண்டிவிட்டுத்தான் போடணும்

எங்கள் தெருவுக்கு ரோடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உத்திரமேரூரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பஜாரில் கத்திரிக்காய் வாங்கப் போனால்கூட, ரோடு வேண்டாமென்று எலெக்‌ஷனில் நின்ற பெண் நீதானே என்று தராசைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்கிறார்கள். நான் சொன்னது வேறு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்திலேயே புது ரோடு போடுங்கள் என்றேன். பேரூராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று, நோட்டீஸ் அடித்து, வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். அதைப் புரிந்துகொள்ள இந்த ஊருக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

எங்கள் காலனி ஊர்க்கோடியில், ஏரியிலிருந்து வரும் கால்வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லாம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவிலிருந்து படி ஏறித்தான் வீட்டுக்குள் போவோம். அந்தப் படியில் உட்கார்ந்துதான் தலை பின்னிக்கொள்வேன். முதல் ரோடு நைனா காலத்து ஆட்கள் கேட்டு வாங்கியது என்று தெரியும், அதற்கு மேல் நான் விசாரித்ததில்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போட்டார்கள். பழைய ரோட்டை யாரும் தொடவில்லை. அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, ரோலரை ஓட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படி காணாமல் போனது. அப்புறம் வாசலும் தெருவும் ஒரே மட்டமானது. அதற்கும் மேல் ஒரு ரோடு போட்டார்கள். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறோம்.

மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க எங்கள் வீடுகளில்தான். சாக்கடையும் கூடவே வரும். அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நாங்களும் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். மண் மூட்டை அடுக்கிப் பார்த்தோம், சந்து வழியாகக் கசிந்து வந்தது. கடைசியில் தெருவில் எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். வாசற்காலுக்கு நடுவில் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசி, முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்பு கட்டினோம். தெருவில் அதற்கு அணை என்று பெயர். யாராவது விருந்தாளி வந்தால், பார்த்து, அணையைத் தாண்டி வாங்க என்போம். அப்போதெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வோம்.

நைனாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிய மனிதர். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பேச்சு வந்திருந்தது, கையும் ஓரளவு வந்திருந்தது, வலது கால் மட்டும் வரவில்லை. தடியை ஊன்றிக் காலை இழுத்து இழுத்துச் சமமான தரையில் நடப்பார். தூக்கி வைக்க முடியாது. முழங்கால் உயர அணையை அவர் எப்படித் தாண்டுவார்? அணை இருந்தால் நைனா வெளியே வர முடியாது. அணையை இடித்தால் சாக்கடை உள்ளே வரும். இதுதான் என் பிரச்சினை. இதைத் தவிர எனக்கு வேறு அரசியல் எதுவும் தெரியாது.

தூக்கிக்கொண்டு போய் வெளியே உட்காரவைக்கலாமே என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர். ஊரில் இருக்கிற நாளில் தூக்குவதற்குத் தயாராகத்தான் இருந்தார். நைனா விடவில்லை. ஊர் மூட்டையெல்லாம் தூக்கிய உடம்பை மருமகன் தூக்குவதா என்று ரோஷம். செத்தப்புறம் தூக்குங்கள், அதுவரைக்கும் யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் வருகிறவர்கள், இன்னா பெருசு, சாப்டியா என்று நடந்துகொண்டே குரல் கொடுப்பார்கள். அணையைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனார்கள். முனை டீக்கடையில் காலை நாஷ்டாவுக்கு முன்னால் ஒரு டீ, பின்னால் ஒரு டீ என்று வாழ்ந்தவர், நான் ஃபிளாஸ்கில் வாங்கிவந்த டீயை வாயில் வைத்துவிட்டு ஆறிப்போச்சு என்று தள்ளிவைப்பார். அது ஆறியிருக்காது. எனக்கும் அது தெரியும்.

பேரூராட்சி ஆபீசுக்கு நடந்தேன். மனு கொடுத்தேன். ரோட்டைச் சுரண்டிப் போடுவதற்கு எஸ்டிமேட்டிலேயே இடம் இல்லை என்றார்கள். மேலே போடுவதற்கு மட்டும் எப்போதும் இடம் இருக்கும். எங்கள் தெருவுக்குத் திரும்பத் திரும்ப ரோடு போட்ட கான்ட்ராக்டரிடம் நேராகவே போய்க் கேட்டேன். ஒரு பெரிய கட்சியில் இருக்கிறவர், வெள்ளை வேட்டி, பேச்செல்லாம் தேன். சுரண்ட மெஷின் வரணும், அந்த மெஷின் உங்க தெருவுல திரும்பாதும்மா என்றார். ரோலர் மட்டும் எப்படித் திரும்புகிறது என்று கேட்டேன். சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அந்த வருஷம் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. கான்ட்ராக்டர் தன் மனைவியை நிறுத்தினார். சுவரெல்லாம் போஸ்டர். அந்த அம்மாள் படம் தீப்பெட்டி அளவு, இவர் படம் கதவு அளவு. ஓட்டுப்பதிவு நடக்கும் முன்பே ஊரில் எல்லாரும் அவரைக் கவுன்சிலர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அம்மாளை யாரும் எப்படியும் கூப்பிடவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு காலையில் அந்தப் போஸ்டருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். நானும் டிகிரி முடித்தவள்தான், பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்றாலும் என் பெயரை நானே சொல்லத் தெரியும். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. சூபர்வைசருக்குப் போன் பண்ணி லீவு சொல்லிவிட்டு, மனுத்தாக்கலுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்கப் போனேன்.

வீட்டில் சொன்னபோது நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ரோடு போடறேன்னு சொல்லுவியா என்று கேட்டார். சுரண்டிட்டுத்தான் போடணும்னு சொல்லுவேன் என்றேன். அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. அவருக்காகத்தானே நிற்கிறேன் என்ற நினைப்பிலேயே இருந்தேன்.

ரோடு மட்டுமே என் கொள்கை என்று நினைத்துவிடாதீர்கள். குடிதண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று முதல்நாளே சொல்லவேண்டும் என்றேன், அது வருகிற நேரம் தெரியாமல் பெண்கள் வேலைக்குப் போவதையே விட்டிருக்கிறார்கள். குப்பை வண்டி மெயின் ரோட்டோடு திரும்பிப்போகாமல் காலனிக்குள் வரவேண்டும் என்றேன். சுடுகாட்டுக்கு விளக்குக் கேட்டேன். கால்வாயை அடைத்துக் கட்டிய கடைகளின் பின்சுவரை இடிக்கச் சொன்னேன், அதனால் பஜாரில் பாதி ஓட்டு அன்றைக்கே போயிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், "பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு" என்று போடச் சொல்லி பஜாரில் இருக்கிற பிரஸ்ஸில் எழுதிக் கொடுத்தேன்.

பிரஸ் வைத்திருக்கிற பாய் வயதானவர், ஊரில் எல்லாக் கட்சிக்கும் அவர்தான் அடித்துக் கொடுப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார், மறுபடியும் படித்தார்.

"இந்தச் சுரண்டின்ற வார்த்த மட்டும் வாணாம்மா. பேஜாரா போயிடும். அகற்றின்னு போட்டுக்கலாமா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. அகற்றி என்று எங்கள் தெருவில் யார் பேசுகிறார்கள்? அடிபிடித்த சட்டியை அகற்றுகிறோமா, சுரண்டுகிறோமா? சுவரில் பழைய சுண்ணாம்பை என்ன செய்கிறோம்? சுரண்டித்தானே புதுசு அடிக்கிறோம்? நியாயமான வேலைக்கு நியாயமான வார்த்தை அது, அப்படியே போடுங்கள் பாய் என்றேன். அவர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது சரியான வார்த்தைதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அதைக் கெடுத்து வைத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் செய்த வேலைக்கு நான் ஏன் என் வார்த்தையை விட்டுக்கொடுக்க வேண்டும்?

அப்புறம் சின்னம். ஆட்டோ கேட்டேன், மூக்குக்கண்ணாடி கேட்டேன், இரண்டுக்கும் வேறு ஆட்கள் போட்டி. குலுக்கிப் போட்டு எனக்கு முள்கரண்டி கொடுத்தார்கள். எங்கள் காலனியில் ஒரு வீட்டிலாவது முள்கரண்டி உண்டா? அது என்ன என்று கேட்டவர்களுக்கு நூடுல்ஸ் சாப்பிடுவது என்று சொல்லிச் சொல்லியே எனக்கு நாக்கு வறண்டது. ஒரு கிழவர், சுயேச்சைன்றது புதுக் கட்சியாம்மா, தலைவர் யாரு என்று கேட்டார். நான்தான் தலைவர் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்லா இரு என்றார். அந்த ஓட்டாவது விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நோட்டீஸ் வெளியே போன மறுநாளே கான்ட்ராக்டரின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆட்டோ வந்தால் என் பெயர் வரும், சண்டை போடலாம் என்று ரெடியாக வாசலில் நின்றேன். அவர்கள் என்னைத் திட்டவே இல்லை.

"சொரண்டுவேன்னு நோட்டீஸ்லயே அடிச்சிக் குடுத்துகீறாங்கப்பா அந்தக்கா. திருடறவன்கூட சொல்லிக்கினு திருட மாட்டான். இவங்க கையில கரண்டியோட வராங்க. உஷாரா இருங்க."

தெருவே சிரித்தது. என் பக்கத்து வீடு சிரித்தது. எனக்கு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பழைய ரோட்டுக் கணக்கிலும் சுரண்டி, புது ரோட்டுக் கணக்கிலும் சுரண்டி, எங்கள் படியைச் சுரண்டி, எங்கள் வாசலைச் சுரண்டியவர் மைக்கில் என்னைப் பார்த்துச் சுரண்டுகிறவள் என்கிறார், சுரண்டப்பட்டவர்கள் அதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. கல்லை எடுத்திருப்பேன். எங்கள் தெருவில் கல் ஏது, எல்லாம் தார்.

அன்றிலிருந்து நான் சுரண்டல் அக்கா. குழாயடியில், ரேஷன் கடையில், கம்பெனி பஸ்ஸில், எங்கே பார்த்தாலும் அதே பெயர். நானும் விடவில்லை. வீடு வீடாகப் போய் அணையைக் காட்டிப் பேசினேன். இது எதுக்கு இங்க கீது, சொல்லு என்று கேட்டேன். ரோட்டுத் தண்ணீர் என்றார்கள். ரோடு எதனால் உயர்ந்தது? தலையைச் சொறிந்தார்கள். சட்டி அடிபிடித்தால் சுரண்டாமல் அதன் மேலேயே அடுத்த வேளைச் சோறு வடிப்பாயா என்று கேட்டால் பெண்களுக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்த பிறகும் ஒருத்தி, அதெல்லாம் சரிக்கா, ஆனா ரோடு போடறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன் என்றாள். போடுவேன் என்றுதானே சொல்கிறேன் என்றேன். இல்லக்கா, சுரண்டுவேன்னு மொதல்ல சொல்ற, போடுவேன்னு அப்புறமா சொல்ற என்றாள். அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று நான் நின்று கேட்டிருக்கலாம். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஒருநாள் குழாயடியில் அந்தக் கான்ட்ராக்டர் குடும்பம் எதிரே வந்தது. அந்த அம்மாள் பட்டுப்புடவையில் கையைக் கூப்பிக்கொண்டே நடந்தாள், இவர் பேசிக்கொண்டே நடந்தார். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாளைப் பார்த்தே கேட்டேன், ஜெயித்தால் ரோட்டைச் சுரண்டிப் போடுவீங்களா, மேலேயே போடுவீங்களா என்று. இவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கவுன்சிலருக்கு நிக்கறவங்களைக் கேட்டேன், உங்களைக் கேட்கலை என்றேன். குடம் நிரம்பி வழிகிறது, யாரும் குழாயை மூடவில்லை. அந்த அம்மாள் கூப்பிய கையைப் பிரிக்காமலே, அவரைக் கேளுங்க என்றாள். அவள்மேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும் என்று பின்னால் பலபேர் சொன்னார்கள். வரவில்லை. கோபம்தான் வந்தது. நாங்கள் பெண்களுக்கென்று வாங்கிய இடம் அது.

ஊரில் எந்த மேடையில் ஏறினாலும் முதலில் கோயில் கல்வெட்டில் ஆரம்பிப்பார்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓட்டுப் போட்ட மண் என்று. கான்ட்ராக்டரும் கடைசி நாள் கூட்டத்தில் அதில்தான் ஆரம்பித்தார். ஓட்டுப் போட்டு என்ன கிழித்தோம் என்பது எந்தக் கல்லிலும் இல்லை.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு நான் காலையிலிருந்தே பள்ளிக்கூடத்துக்கு வெளியே, கோடு போட்ட இடத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தேன். நைனாவை எப்படியாவது கூட்டிவர வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன், நைனா எப்படியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றும் தெரிந்திருந்தது. வெயில் ஏறிய நேரம். ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து கான்ட்ராக்டரின் கட்சிப் பையன்கள் இறங்கினார்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கினார்கள். நாற்காலியில் நைனா. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நெற்றியில் திருநீறு. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, வழி விடுங்க வழி விடுங்க என்று வரிசையைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். நைனா எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். டீக்கடைக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மாசம் கழித்து அவர் முகத்தில் வெயில் பட்டு நான் பார்த்தது அப்போதுதான். என்னையும் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

மருமகன் தொடக்கூடாத உடம்பை அவன்கள் தொட்டுத் தூக்கினார்கள். எந்த ரோட்டைப் போட்டு அவரை உள்ளே அடைத்தார்களோ, அதே ஆட்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வருகிற அழுகை. கையில் இருந்த நோட்டீஸ் எல்லாம் கசங்கிப்போனது. ஆனாலும் மனசுக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. யார் தூக்கிக்கொண்டு போனால் என்ன, உள்ளே போய் முள்கரண்டியைத்தானே தொடுவார் என்று.

தோற்றேன். ரொம்பக் கொஞ்சத்தில் தோற்றேன். எங்கள் தெரு மொத்தமும் போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று எண்ணிக்கை முடிந்த இடத்தில் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டபோது தெருவில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் நடந்து பார்த்தேன், எந்த வீடு, எந்த வீடு என்று. என் வீட்டை மட்டும் தாண்டிப் போனேன்.

ஜெயித்தவர்கள் சொன்னதைச் செய்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் ரோடு எங்கள் தெருவுக்கே வந்தது. ஜல்லி வந்தது, தார் கொதித்தது, ரோலர் எங்கள் தெருவில் அழகாகத் திரும்பியது. நான் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்தபோது வேலை முடிந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் கறுப்பு ரோட்டில் செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள், கால் சுடுகிறது என்று கத்திக்கொண்டே ஓடினார்கள். ரோடு மேலே ஏறியதில் அணை இப்போது கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த மழைக்கு அது போதாது. பக்கத்து வீட்டில் அப்போதே செங்கல் இறக்கியிருந்தார்கள். இன்னும் ரெண்டு வரி வெச்சி ஏத்திடலாம், கொத்தனார் காலையில வராரு, உங்களுக்கும் சேத்துச் சொல்லவா என்று கேட்டார்கள்.

சொல்ல வேண்டாம் என்றேன்.

காலையில் எழுந்து கடப்பாரையை எடுத்தேன். முதலில் அணையை இடித்தேன். அது பெரிய வேலையாக இல்லை, சிமெண்ட் ஏற்கெனவே விட்டிருந்தது. அப்புறம் வெளியே ஏறி எங்கள் வாசலுக்கு நேராகப் புது ரோட்டில் குத்தினேன். தார் இன்னும் இறுகவில்லை, ஜல்லியோடு பெயர்ந்து வந்தது. பக்கத்து வீட்டில் கதவைத் திறந்தார்கள். எதிர்வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே பிரஷ்ஷோடு வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் தெருவே நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. சுரண்டல் அக்கா நெஜமாவே சுரண்டுது என்று யாரோ சொன்னது கேட்டது, அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. கவர்ன்மெண்ட் ரோட்டை உடைத்தால் போலீஸ் கேஸ் என்று ஒருவர் சொன்னார். கவுன்சிலரைக் கூப்பிடு என்றேன், புருஷனை இல்லை, கவுன்சிலரை என்றேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து நைனா கத்தினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் குரல் அவ்வளவு தூரம் வந்து நான் கேட்டதில்லை.

"கடப்பாரைய வெய்யி. வெய்யின்றேன்ல?"

நான் வைக்கவில்லை. உனக்காகத்தான் நைனா என்றேன். நீ வெளியே வரணும்னுதான் நின்னேன், தோத்துட்டேன், இப்ப இதையாவது செய்யறேன் என்றேன். அவர் தடியை ஊன்றி, வாசற்கால் வரைக்கும் காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஒனக்கு நான் ஓட்டுப் போடல" என்றார்.

கடப்பாரை தாரில் குத்தியபடியே நின்றது. தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை.

"எங்க நைனா செத்தப்போ மளைக் காலம். முட்டி வரைக்கும் சேறு. பொணத்தத் தூக்கிக்கினு போறோம், காலு வழுக்கிப் பாடையோட வியுந்தோம். சேத்துல கெடந்த பொணத்தக் கழுவித் திரும்பத் தூக்கினோம். அதுக்கப்பால போயிப் போயி நின்னு, ஆபீஸு வாசல்ல படுத்து, அடி வாங்கி வாங்கினது இந்த ரோடு. நீ அத்தச் சொரண்டறேன்னு சொல்லிக்கினு நிக்கற."

சுரண்டிட்டுத் திரும்பப் போடத்தான் என்று நான் ஆரம்பித்தேன்.

"திரும்பப் போடுவான்னு யாரு சொன்னா? ஊருக்குள்ளன்னா போடுவான். நம்ம தெருவுல சொரண்டிட்டு அப்பிடியே வுட்டுட்டுப் போவான். போயிட்டான்னா, நீ யார் வூட்டு வாசல்ல போயி நிப்ப?"

நாள் கணக்காக வீடு வீடாகப் போய்ப் பேசியிருக்கிறேன், எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். இதற்கு இல்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். எங்கள் தெருவில் தோண்டிய குழாய்ப் பள்ளம் எத்தனை வருஷம் மூடாமல் கிடந்தது என்று எனக்கே தெரியும். ஓட்டுக் கேட்டுப் போனபோது அந்தப் பெண் சொல்ல வந்ததும் இதுதான். மைக்கில் சொன்னதைக் கேட்டு இவர்கள் பயந்தது நான் திருடுவேன் என்று இல்லை. கிடைத்த ரோடும் போய்விடும் என்று.

ஆனால் எனக்குக் கோபம் குறையவில்லை. அவர்மேல் வந்த கோபம் அது என்று அப்போது நினைத்தேன். ரோடு போட்டாலும் நாங்கள் பள்ளத்தில், ரோட்டைச் சுரண்டினாலும் சேற்றில், இந்த ரெண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்று எங்களிடம் விட்டிருக்கிறார்கள், அவர் ஒன்றைப் பொறுக்கினார், நான் இன்னொன்றைப் பொறுக்கினேன், நாங்கள் ரெண்டு பேரும் தெருவே பார்க்க ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறோம். அவர்கள் அங்கே ஏசி ரூமில் அடுத்த எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி நைனா என்றேன். ஓட்டுப் போடலைன்னா போடலை. கடப்பாரையைத் திரும்ப எடுத்தேன்.

அவர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் திட்டினார், அப்புறம் திட்டுவதை நிறுத்திவிட்டார். நான் பழைய தார் வரை போனேன், அதற்கும் கீழே இருந்த தார் வரை போனேன். மேலே இருந்தது சுலபமாகப் பெயர்ந்து வந்தது, கீழே இருந்தது கல்லாகிவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து மண்வெட்டியை எடுத்தார். பக்கத்து வீட்டுக் கொத்தனாரும் தன் வேலையை விட்டுவிட்டு வந்து ஓரத்தைச் சரித்துக் கொடுத்தார். வெயில் சாய்வதற்குள் வாசலிலிருந்து தெருவுக்கு ஏறுகிற மாதிரி ஒரு சரிவு வந்துவிட்டது. அடுத்த மழைக்குத் தண்ணீர் நேராக உள்ளேதான் வரும், எல்லாருக்கும் தெரியும். வரட்டும், இறைத்துக் கொட்டிக்கொள்கிறோம்.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஓரமாக நின்றேன். வா என்று கூப்பிடவில்லை. நைனா தடியைச் சரிவில் வைத்துப் பார்த்தார். ஒரு காலை வைத்தார், வராத காலை இழுத்தார். மருமகன் கை நீட்டினார், அதைத் தடியாலேயே தள்ளிவிட்டார். மெதுவாக ஏறி, புது ரோட்டில் வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே தெருவை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தார். காலால் தாரை அழுத்திப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அடுத்த வாட்டி நின்னாலும் ஒனக்குப் போட மாட்டேன்."

"போடாத நைனா" என்றேன். "ஆனா உன் கால்ல நடந்து போயிப் போடாம வா."